எண் 24 – அத்தியாயம் 9: பயிற்சிக் கூடத்தில் ஒரு தூக்கம்

ஹேவுட் ஜெயித்துவிட்டார்.

சென்ற வாரம் அவரை உச்ச நீதிமன்றப் படிக்கட்டில் நிற்கவைத்துவிட்டுப் போய்விட்டோம். 1971 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. ஏழு நீதிபதிகள் ஒரு பக்கம், இரண்டு பேர் மறுபக்கம். கீழ் நீதிமன்றம் அவருக்குத் தந்து, இடையில் பறிபோயிருந்த பாதுகாப்பு ஆணையை உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது. மிச்சத்தை என்.பி.ஏ. கூடைப்பந்து லீக் நிர்வாகம் சமரசம் பேசி முடித்துக்கொண்டது. பள்ளிப் படிப்பை முடித்து நான்கு ஆண்டு ஆகாத யாரும் இங்கே ஆட முடியாது என்று அதுவரை வீறாப்பாகச் சொல்லிக்கொண்டிருந்த விதி, அதோடு உடைந்தது.

அந்தப் பருவம் முழுக்க ஸ்பென்சர் ஹேவுட் பட்ட பாடு கொஞ்சமல்ல. எதிரணி ஊர்களில், 'களத்தில் சட்டவிரோத ஆட்டக்காரர் ஒருவர் இருக்கிறார், எண் 24' என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள் என அவரே பின்னாளில் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். இருபத்தொரு வயதுப் பையன். மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் நாட்டுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்து மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. சொந்த நாட்டிலேயே சட்டவிரோதம்!

பின்னாளில் பள்ளியை முடித்ததும் கோடிகளில் ஒப்பந்தம் போட்ட கோபி பிரயண்டும் லெப்ரான் ஜேம்ஸும் அவர் திறந்துவிட்ட கதவு வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். திறந்தவர் என்ன ஆனார் என்பதுதான் நம் கதை.

எழுபதுகளை வேகமாகக் கடந்துவிடுவோம். சியாட்டிலில் ஐந்து பருவம், அசுர ஆட்டம். 1975-ல் நியூயார்க் நிக்ஸ். 1977-ல் சோமாலியாவிலிருந்து வந்து உலகப் புகழ்பெற்ற மாடல் இமானுடன் திருமணம். பத்திரிகை அட்டைகள், விருந்துகள், ரோல்ஸ் ராய்ஸ். முழங்கால் மட்டும் மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டிருந்தது. 1979 தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸுக்குக் கைமாற்றினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், அட்ரியன் டான்ட்லியைக் கொடுத்துவிட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அவரை வாங்கியது. (அந்த டான்ட்லி பின்னாளில் இரண்டு முறை லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர். வியாபாரத்தில் லேக்கர்ஸ் கொஞ்சம் ஏமாந்ததுதான்.)

எப்பேர்ப்பட்ட அணி அது! நடுவில் கரீம் அப்துல் ஜபார். பக்கத்தில், கல்லூரியிலிருந்து நேராக வந்த, இருபதே வயதான, சிரித்த முகத்துப் பையன் மேஜிக் ஜான்சன். அணியைப் புதிதாக வாங்கியிருந்த ஜெர்ரி பஸ், விளையாட்டைத் திரைப்பட விழா போல நடத்தத் துடித்தவர். போரம் அரங்கின் முன் வரிசையில் ஹாலிவுட் உட்கார்ந்திருந்தது. முப்பது வயது ஹேவுட்டுக்கு, கிண்ணம் ஒன்றைக் கையில் ஏந்த இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது.

ஊரில் இன்னொன்றும் தாராளமாகக் கிடைத்தது. கோகெய்ன்.

அதைப் புகைத்துப் பழகிய முதல் நாளே தன்னை அது பிடித்துக்கொண்டது என்கிற ரீதியில்தான் ஹேவுட் பிற்பாடு பேசினார். அவர் மட்டும் இல்லை. 1980 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் வெளியிட்ட மதிப்பீடு, லீக் ஆட்டக்காரர்களில் 40 முதல் 75 விழுக்காடு வரை அதைத் தொட்டவர்கள் என்றது. மதிப்பீடுதான், கணக்கெடுப்பு அல்ல. பாதியைத் தள்ளினாலும் பயங்கரம். ஆனால் போதைக்கு எதிரான முறையான ஏற்பாடு ஒன்றை நிர்வாகமும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொண்டது 1983-ல்தான். அதுவரை ஒருவன் தடுமாறினால் அவனுக்கு மருத்துவர் கிடையாது, பயிற்சியாளரின் கோபம்தான்.

அந்தப் பயிற்சியாளர் விஷயத்திலும் விதி விளையாடியது. ஹேவுட் சேரும்போது லேக்கர்ஸின் தலைமைப் பயிற்சியாளர் ஜாக் மெக்கின்னி. பருவம் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. நவம்பர் 8 காலை, நண்பரும் உதவியாளருமான பால் வெஸ்ட்ஹெட்டுடன் டென்னிஸ் ஆட சைக்கிளில் கிளம்பினார் மெக்கின்னி. வழியில் தூக்கி எறியப்பட்டு, தலையில் பலத்த காயம். பிழைத்தார், ஆனால் லேக்கர்ஸ் நாற்காலி போய்விட்டது. டென்னிஸ் மட்டையோடு காத்திருந்த வெஸ்ட்ஹெட் அதில் உட்கார்ந்தார்.

வெஸ்ட்ஹெட் ஆங்கில இலக்கிய ஆசிரியர். ஷேக்ஸ்பியரைக் கரைத்துக் குடித்தவர். கூட இருந்தவனே கத்தியை உருவும் கதைகள் அவருக்குப் பாடம். அதில் தானும் ஒரு பாத்திரம் ஆவோம் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

புதியவர் வந்தபின் ஹேவுட்டின் ஆட்ட நேரம் சுருங்கியது. ஜிம் சோன்ஸ் முன்னுக்கு வந்தார். பிப்ரவரியில் மார்க் லாண்ட்ஸ்பெர்கரையும் கொண்டுவந்தார்கள். ஒரு காலத்தில் ஒரு பருவம் முழுக்க ஆட்டத்துக்கு முப்பது புள்ளி எடுத்தவர், இப்போது பெஞ்சில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். வஞ்சிக்கிறார்கள் என்று அவர் நம்பினார். தூக்கமில்லாமல் வந்து நிற்கிறவரை எப்படி நம்பி இறக்குவது என்று வெஸ்ட்ஹெட் யோசித்திருப்பார். என்னைக் கேட்டால் இரண்டுமே உண்மை.

1980 மே. இறுதிச் சுற்று. எதிரே ஜூலியஸ் எர்விங்கின் பிலடெல்பியா.

ஏழு ஆட்டத் தொடரின் தொடக்க ஆட்டங்கள் மட்டுமே முடிந்திருந்தன. ஒரு பயிற்சி நாள். ஆட்டக்காரர்கள் வரிசையாகத் தரையில் படுத்து, கை கால்களை நீட்டி உடம்பை முறுக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த பயிற்சிக்கு எல்லாரும் எழுந்தார்கள்.

ஒருவர் எழவில்லை.

முந்தைய இரவைப் போதையில் கழித்த உடம்பு. ஆறடி எட்டங்குலம், மரத் தரையில் அப்படியே கிடந்தது. ஹேவுட் தூங்கிப்போயிருந்தார். வாழ்க்கையின் ஒரே இறுதிச் சுற்றுக்கு நடுவே!

அதோடு விடவில்லை. உடைமாற்றும் அறையில் சக ஆட்டக்காரர்களுடன் வாய்த்தகராறு. வெஸ்ட்ஹெட் முடிவெடுத்துவிட்டார். தொடர் முடியும்வரை ஹேவுட் வேண்டாம், வெளியே போகலாம்.

பயிற்சியாளராக அவர் செய்ததில் தப்புச் சொல்ல முடியாது. கிண்ணம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது, மற்ற ஆட்டக்காரர்களின் உழைப்பைப் பார்க்க வேண்டும். ஆனால் அந்த அணியில் ஒருவராவது 'இவன் ஒழுங்கு கெட்டவன் இல்லை, நோயாளி' என்று உரக்கச் சொல்லியிருந்தால்? அதற்கான சொல்கூட அன்றைய கூடைப்பந்து உலகத்தில் புழக்கத்தில் இல்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால் லீக் மொத்தமும் அவரை வெளியே தள்ளப் பார்த்தபோது வழக்கறிஞர்கள் வந்தார்கள். இந்த முறை வாதாட வழக்கே இல்லை. வெளியேற்றியவர் கையில் நியாயமான காரணம் இருந்தது. அதுதான் ஹேவுட்டை இன்னும் எரித்திருக்க வேண்டும்.

அன்றிரவு போரம் அரங்கிலிருந்து ரோல்ஸ் ராய்ஸில் கிளம்பினார். மனத்தில் ஒரே நினைப்பு: வெஸ்ட்ஹெட் சாக வேண்டும்.

மிகைப்படுத்தவில்லை. 1988-ல் பீப்பிள் இதழுக்கு அவரே விவரித்துச் சொன்னது இது.

வளர்ந்த ஊரான டெட்ராய்ட்டில் அவருக்குப் பழைய அடியாள் நண்பர் ஒருவர் உண்டு. தொலைபேசியை எடுத்தார். ஆள் கிளம்பி வந்தாயிற்று. மறுநாள் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். துப்பாக்கி வேண்டாம், விபத்துபோல இருக்கட்டும். வெஸ்ட்ஹெட்டின் வீடு பாலோஸ் வெர்டஸ் மலைப்பகுதியில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வளைவும் சரிவுமான சாலைகள். தெரு, வீட்டு முகவரி எல்லாம் கிடைத்தன. காரின் பிரேக்கில் கைவைத்தால் போதும்.

மறுபக்கம் தொடர் சூடு பிடித்தது. ஐந்தாவது ஆட்டத்தில் கரீம் கணுக்கால் பிசகி விழுந்தார். ஆறாவது ஆட்டம் மே 16, பிலடெல்பியாவில். நடு இடத்தில் நிற்க கரீம் இல்லை. அந்த இடத்துக்குப் பொருத்தமான உயரமும் அனுபவமும் உள்ள ஒருவர் லாஸ் ஏஞ்சல்ஸில் கொலைத் திட்டத்தோடு உட்கார்ந்திருந்தார்.

டெட்ராய்ட் நண்பர் தயார். பிரேக்கை வெட்டும் வேலை மட்டும்தான் பாக்கி.

அதற்குள் விஷயம் ஒருவர் காதுக்குப் போனது. போலீஸ் இல்லை, லேக்கர்ஸ் நிர்வாகம் இல்லை. மிசிசிப்பியின் சில்வர் சிட்டியில், கணவனை இழந்து, பருத்தி எடுத்துப் பத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். ஹேவுட்டின் அம்மா.

அவர் மகனிடம் கெஞ்சவில்லை, அழவில்லை. அவர் சொன்னது ஒரு மிரட்டல்.

(தொடரும்)