உலக சதுரங்க சாம்பியன்ஷிப் 2024: டிங் லிரெனை குகேஷ் வென்றது எப்படி?

சிங்கப்பூரின் செந்தோசா தீவில் 2024 டிசம்பர் 12 அன்று நிறைவடைந்த உலக சதுரங்க சாம்பியன்ஷிப் போட்டியில், நடப்பு சாம்பியனான சீனாவின் டிங் லிரெனை இந்தியாவின் டி. குகேஷ் 7.5–6.5 என்ற புள்ளிக் கணக்கில் தோற்கடித்தார். அப்போது அவருக்கு வயது 18. உலக சாம்பியன் பட்டம் வென்ற இந்தியர்களில் விஸ்வநாதன் ஆனந்துக்கு அடுத்து இரண்டாமவர். சர்ச்சைக்கிடமற்ற உலக சாம்பியன்களின் வரிசையில் 18ஆமவர் என்ற பெருமைகளும் அவரைச் சேர்ந்தன.

இளம் மேதை ஒருவர் அனுபவம் மிக்க சாம்பியனை வீழ்த்தினார் என்று மட்டும் இந்த வெற்றியைச் சுருக்கிச் சொல்வது எளிது. ஆனால், 14 ஆட்டங்களையும் வரிசையாகப் பார்க்கும்போது வேறொன்று புலப்படுகிறது. ஏறத்தாழச் சமமாக இருந்த நிலைகளில் டிங் சமாதானத்தை நாடினார்; குகேஷ் ஆட்டத்தைத் தொடர விரும்பினார். பட்டம் யாருக்கு என்பதை இறுதியில் தீர்மானித்தது இந்த வேறுபாடுதான்.

இருவரும் வந்த பாதை

2006 மே 29 அன்று சென்னையில் பிறந்த குகேஷ், ஏழாவது வயதில் சதுரங்கம் கற்கத் தொடங்கினார். அதே 2013ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையில் ஆனந்துக்கும் நார்வேயின் மேக்னஸ் கார்ல்சனுக்கும் இடையே உலக சாம்பியன்ஷிப் போட்டி நடைபெற்றது. பார்வையாளர் வரிசையில் அமர்ந்து அந்தப் போட்டியைக் கண்ட சிறுவர்களில் குகேஷும் ஒருவர்.

2019 ஜனவரியில், 12 வயது 7 மாதம் 17 நாட்களில் அவர் கிராண்ட்மாஸ்டர் தகுதியை எட்டினார். ரஷ்யாவின் செர்கேய் கர்யாகினுக்கு அடுத்து, அந்நாளில் உலகின் இரண்டாவது இளைய கிராண்ட்மாஸ்டர் அவரே. தொடக்கக்காலப் பயிற்சியாளரான கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, கணினி மென்பொருள்களின் துணையின்றி நகர்த்தல்களை மனத்திலேயே கணக்கிடும் பயிற்சியை அவருக்கு அளித்தார். காது, மூக்கு, தொண்டை மருத்துவரான தந்தை தமது பணியை ஒதுக்கிவைத்துவிட்டு மகனுடன் நாடு நாடாகப் பயணம் செய்தார். பின்னர் ஆனந்தின் வழிகாட்டுதலில் இயங்கும் வெஸ்ட்பிரிட்ஜ் ஆனந்த் சதுரங்க அகாடமியில் குகேஷ் சேர்ந்தார்.

2024 ஏப்ரலில் கனடாவின் டொராண்டோ நகரில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில் 14 சுற்றுகளில் 9 புள்ளிகள் பெற்று முதலிடம் பிடித்து, சாம்பியனை எதிர்கொள்ளும் உரிமையை அவர் பெற்றார். செப்டம்பரில் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் இந்திய ஆடவர் அணி தங்கம் வென்றபோது, முதல் பலகையில் ஆடிய அவர் 10 ஆட்டங்களில் 9 புள்ளிகள் ஈட்டினார்.

டிங் லிரெனின் பாதை வேறு திசையில் சென்றுகொண்டிருந்தது. 1992 அக்டோபர் 24 அன்று வென்சோ நகரில் பிறந்த அவர், 2017–2018இல் தொடர்ந்து 100 கிளாசிக்கல் ஆட்டங்களில் தோல்வியைச் சந்திக்காதவர். அவரது உச்சபட்ச தரப்புள்ளி 2816. கார்ல்சன் பட்டத்தைக் காக்கும் போட்டியில் பங்கேற்கப் போவதில்லை என்று விலகியதை அடுத்து, 2023 ஏப்ரலில் கஜகஸ்தானின் அஸ்தானா நகரில் ரஷ்யாவின் இயான் நெபோம்னியாச்சியை டைபிரேக்கரில் வென்று, சீனாவின் முதல் ஆடவர் உலக சாம்பியன் ஆனார்.

அதன்பின் அவர் போட்டிகளில் அதிகம் பங்கேற்கவில்லை. மனச்சோர்வால் அவதியுற்றதை வெளிப்படையாகப் பேசினார். சிங்கப்பூர் வந்தபோது உலகத் தரவரிசையில் முதல் 20 இடங்களுக்குள் அவர் இல்லை. குகேஷ் 5ஆம் இடத்தில் இருந்தார். ஆயினும், அதுவரை இருவரும் கிளாசிக்கல் முறையில் மோதிய 3 ஆட்டங்களில் 2இல் டிங் வென்றிருந்தார், ஒன்று டிராவானது. குகேஷ் அவரை ஒரு முறைகூட வென்றதில்லை.

போட்டியின் விதிகள்

இப்போட்டியை நடத்த சென்னை, புதுடெல்லி, சிங்கப்பூர் ஆகிய மூன்று நகரங்கள் விண்ணப்பித்திருந்தன. சர்வதேச சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே சிங்கப்பூரைத் தேர்வு செய்தது. நவம்பர் 25 முதல் 14 கிளாசிக்கல் ஆட்டங்கள் நடைபெறும் என்றும், முதலில் 7.5 புள்ளிகளை எட்டுபவரே சாம்பியன் என்றும் வரையறுக்கப்பட்டது. 7–7 எனச் சமநிலை ஏற்பட்டால் மறுநாள் விரைவு ஆட்டங்கள் மூலம் முடிவு காணப்படும்.

முதல் 40 நகர்த்தல்களுக்கு ஒவ்வொருவருக்கும் 120 நிமிடங்கள் வழங்கப்பட்டன. அதற்குப் பின் கூடுதலாக 30 நிமிடங்களும், 41ஆவது நகர்த்தல் முதல் நகர்த்தலுக்கு 30 வினாடிகளும் சேரும். அதாவது, முதல் 40 நகர்த்தல்கள் முடியும்வரை கூடுதல் வினாடி எதுவும் கிடையாது. இந்த விதி மூன்றாவது ஆட்டத்தில் நேரடியாகவே டிங்கைப் பாதித்தது. 40ஆவது நகர்த்தலுக்கு முன் இருவரும் பேசி டிரா செய்துகொள்ளவும் அனுமதி இல்லை. எனினும், ஒரே நிலை மூன்று முறை திரும்பத் தோன்றினால் டிரா கோரலாம்.

போட்டியின் போக்கு

முதல் ஆட்டத்தில் கறுப்புக் காய்களுடன் ஆடிய டிங், பிரெஞ்சு தற்காப்பு முறையைக் கையாண்டு 42 நகர்த்தல்களில் வென்றார். ஏறத்தாழ 10 மாதங்களுக்குப் பின் கிளாசிக்கல் முறையில் அவர் பெற்ற முதல் வெற்றி இது. போட்டி ஒருதலைப்பட்சமாக முடியும் என்ற கணிப்பு முதல் நாளிலேயே பொய்த்தது.

இரண்டாவது ஆட்டம் 23 நகர்த்தல்களில் டிராவானது. மூன்றாவது ஆட்டத்தில் வெள்ளைக் காய்களுடன் ஆடிய குகேஷ், டிங்கின் மந்திரியைச் சிக்கவைத்தார். தோல்வி நிலையில் இருந்த டிங்குக்கு 37ஆவது நகர்த்தலின்போது நேரமும் தீர்ந்துபோனது. புள்ளிகள் 1.5–1.5 எனச் சமமாயின.

அடுத்த ஏழு ஆட்டங்களும் டிராவில் முடிந்தன. ஆனால், அவை எல்லாம் அமைதியான டிராக்கள் அல்ல. ஆறாவது ஆட்டத்தில் டிங் நிலையைத் திரும்பத் திரும்ப அமைத்து டிராவுக்கு வழிகாட்டியபோது, கறுப்புக் காய்களுடன் சற்றே பின்தங்கியிருந்த குகேஷ் அதை மறுத்து வேறு நகர்த்தலைத் தேர்ந்தார். அவருக்கு அதனால் உடனடி லாபம் எதுவும் இல்லை. அந்த ஆட்டமும் டிராவில்தான் முடிந்தது. ஏழாவது ஆட்டத்தில் 72 நகர்த்தல்கள் வரை அவர் வெற்றிக்காகப் போராடினார். மாறாக, சாதகமான நிலை அமைந்த தருணங்களிலும் டிங் பாதுகாப்பான பாதையையே நாடினார். தேவையற்ற துணிவு என்று சில வல்லுநர்கள் குகேஷைக் குறை கூறினர். எனினும், ஒவ்வொரு நாளும் எதிராளியைப் பல மணி நேரம் பலகையின் முன் அமர்த்தி வைத்ததன் விளைவு கடைசி வாரத்தில்தான் வெளிப்பட்டது.

டிசம்பர் 8 அன்று 11ஆவது ஆட்டத்தில் டிங் தமது ராணியைத் தவறான கட்டத்துக்கு நகர்த்த, ஆட்டம் 29 நகர்த்தல்களில் முடிந்தது. குகேஷ் 6–5 என முன்னிலை பெற்றார். பட்டம் நெருங்கிவிட்டது எனக் கருதப்பட்ட நிலையில், மறுநாளே 12ஆவது ஆட்டத்தில் டிங் தமது பழைய ஆற்றலை வெளிப்படுத்தி 39 நகர்த்தல்களில் வென்றார். புள்ளிகள் 6–6. 13ஆவது ஆட்டத்தில் கடினமான நிலையிலிருந்து அவர் மீண்டு டிரா செய்தார். கடைசி ஆட்டத்துக்கு முன் இருவரும் 6.5 புள்ளிகளுடன் நின்றனர்.

ஒரே ஒரு நகர்த்தல்

14ஆவது ஆட்டத்தில் வெள்ளைக் காய்கள் டிங்கிடம் இருந்தன. வெள்ளையின் தொடக்கச் சாதகத்தைக் கொண்டு வெற்றிக்கு முயல அவருக்கு இதுவே கடைசி வாய்ப்பு. ஆனால் அவர் காய்களைப் பரிமாறிக்கொண்டு ஆட்டத்தை எளிமையாக்கினார். டிரா ஆனால் மறுநாள் விரைவு ஆட்டங்கள். அம்முறையில் டிங்கின் கை ஓங்கும் என்றே பலரும் கருதினர்.

இருபுறமும் ஒரு யானை, ஒரு மந்திரி, சில சிப்பாய்கள் மட்டுமே எஞ்சியிருந்தன. குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தாலும், கவனமாகத் தற்காத்தால் டிரா கிடைக்கும் நிலைதான் அது. 55ஆவது நகர்த்தலில் யானைகளைப் பரிமாறிக்கொள்ளும் நோக்கத்துடன் டிங் தமது யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். அதில் மறைந்திருந்த ஆபத்தை அவர் கவனிக்கவில்லை. அவரது மந்திரி பலகையின் மூலையில், ஏ8 கட்டத்தில் இருந்தது. யானைகள் வெட்டுப்பட்ட பின் குகேஷ் தமது மந்திரியை டி5 கட்டத்தில் நிறுத்தினால், மூலையில் இருக்கும் மந்திரி பரிமாற்றத்திலிருந்து தப்ப முடியாது. மந்திரிகளும் மறைந்தால் பலகையில் ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே மிஞ்சும். அத்தகைய இறுதிக்கட்டத்தில் ஒரு கூடுதல் சிப்பாயே வெற்றிக்குப் போதுமானது.

குகேஷ் அதைக் கண்டுகொண்டார். அவரது முகத்தில் எழுந்த வியப்பைக் கேமராக்கள் பதிவு செய்தன. சிறிது நேரம் தம்மை நிதானப்படுத்திக்கொண்ட பின்னரே அவர் யானையை வெட்டினார். 58 நகர்த்தல்களில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். கண்ணீர் மல்கிய நிலையிலும், குகேஷ் காய்கள் அனைத்தையும் அவற்றின் தொடக்க இடங்களில் அடுக்கி வைத்த பிறகே எழுந்தார்.

செய்தியாளர் சந்திப்பில் தமது வெற்றியைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவர் டிங்கைப் பாராட்டினார்; முழு உடல், மன வலிமை இல்லாத சூழலிலும் உண்மையான சாம்பியனாகப் போராடினார் எனக் குறிப்பிட்டார். முந்தைய நாள் தோல்வியிலிருந்து தப்பியதைக் கருதும்போது இது நியாயமான முடிவே என்றும், தமக்கு வருத்தம் இல்லை என்றும் டிங் தெரிவித்தார்.

பரிசுத் தொகை

மொத்தப் பரிசு 25 லட்சம் அமெரிக்க டாலர். கிளாசிக்கல் ஆட்டம் ஒவ்வொன்றில் பெறும் வெற்றிக்கும் 2 லட்சம் டாலர் வழங்கப்பட்டு, எஞ்சிய தொகை இருவருக்கும் சமமாகப் பகிரப்பட்டது. மூன்று வெற்றிகள் பெற்ற குகேஷுக்கு 13.5 லட்சம் டாலரும், இரண்டு வெற்றிகள் பெற்ற டிங்குக்கு 11.5 லட்சம் டாலரும் கிடைத்தன. தமிழக அரசு குகேஷுக்கு ரூ.5 கோடி ஊக்கத்தொகை அறிவித்தது. 2025 ஜனவரியில் அவருக்கு மேஜர் தியான்சந்த் கேல் ரத்னா விருது வழங்கப்பட்டது.

வயதுச் சாதனையும் ஒரு விளக்கமும்

சாம்பியனை வீழ்த்திய இளைஞர்களின் பட்டியல் நீளமானது. 1960இல் மிகைல் போத்வின்னிக்கை வென்றபோது மிகைல் தாலுக்கு வயது 23. 1985இல் அனத்தோலி கார்போவை வென்றபோது கேரி காஸ்பரோவுக்கு 22. 2013இல் ஆனந்தை வென்ற கார்ல்சன் தமது 23ஆவது பிறந்தநாளுக்கு எட்டு நாட்களே எஞ்சியிருந்த நிலையில் பட்டம் பெற்றார். 39 ஆண்டுகளாக நிலைத்திருந்த காஸ்பரோவின் சாதனையைக் குகேஷ் நான்கு ஆண்டு இடைவெளியில் முறியடித்துள்ளார்.

இங்கு ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. உக்ரைனின் ருஸ்லான் பொனமாரியோவ் 2002இல் ஃபிடே உலகப் பட்டம் வென்றபோது அவருக்கு 18 வயது 3 மாதங்கள். குகேஷைவிடச் சில மாதங்கள் இளையவர். ஆனால் அக்காலத்தில் உலகப் பட்டம் இரண்டாகப் பிளவுபட்டிருந்தது. ஆகவேதான் குகேஷைக் குறிப்பிடும்போது, சர்ச்சைக்கிடமற்ற உலக சாம்பியன்களில் மிக இளையவர் என்ற சொற்றொடர் பயன்படுத்தப்படுகிறது.

விமர்சனங்கள்

ஆட்டங்களின் தரம் குறித்து முன்னாள் சாம்பியன் விளாதிமிர் கிராம்னிக் உள்ளிட்டோர் அதிருப்தி தெரிவித்தனர். ரஷ்ய சதுரங்கக் கூட்டமைப்பின் தலைவர் ஆந்த்ரேய் ஃபிலாதோவ், கடைசி ஆட்டத்தின் பிழை குறித்து விசாரணை நடத்த வேண்டும் எனக் கோரினார். பிழைகள் விளையாட்டின் ஒரு பகுதியே எனக் கூறி ஃபிடே தலைவர் அர்காடி துவர்கோவிச் அதை நிராகரித்தார். மூன்று வாரங்கள் நீடித்த போட்டியின் கடைசி ஆட்டத்தில், நான்காவது மணி நேரத்தில், பட்டமே பணயமாக இருக்கும்போது சோர்வு எத்தகைய வீரரையும் இடறச் செய்யும் என்பதைச் சதுரங்க வரலாறு பலமுறை காட்டியுள்ளது.

தரவரிசையில் முதலிடம் வகித்த கார்ல்சன் இப்போட்டியில் இல்லை என்பதும் சுட்டிக்காட்டப்பட்டது. இதைக் குகேஷே மறைக்கவில்லை. உலக சாம்பியன் ஆனதால் தாமே சிறந்த வீரர் என்று பொருள் இல்லை என்றும், அந்த இடம் கார்ல்சனுடையது என்றும் அவர் வெளிப்படையாகக் கூறினார். 2025 ஜூன் மாதம் நார்வே செஸ் தொடரில், தோல்வியின் விளிம்பில் இருந்த நிலையிலிருந்து மீண்டு, கிளாசிக்கல் ஆட்டம் ஒன்றில் கார்ல்சனை முதன்முறையாக அவர் வென்றார். அங்கும் அவருக்குக் கைகொடுத்தது ஆட்டத்தை விட்டுக்கொடுக்காத அதே இயல்புதான்.

இதற்கிடையே அவரது இடமும் மாறிவிட்டது. 2025 பிப்ரவரியில் நெதர்லாந்தின் விய்க் ஆன் சே நகரில் நடந்த டாடா ஸ்டீல் தொடரில் முதலிடத்துக்கான டைபிரேக்கரில் அவரை வென்றவர், சென்னையைச் சேர்ந்த மற்றோர் இளைஞரான ஆர். பிரக்ஞானந்தா. சாம்பியனை வீழ்த்தப் புறப்பட்ட சிறுவனாக இருந்தவர், இப்போது மற்றவர்கள் வீழ்த்த விரும்பும் சாம்பியனாக அமர்ந்திருக்கிறார்.