‘நம்ம ஊரு சூட்டுக்குத் திக்கான எண்ணெய்தான் சரி’: உண்மையா?

பினாங்கில் காரை சர்வீசுக்குக் கொண்டுபோனால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும்: "தம்பி, கருப்பெண்ணெய் எது ஊத்தட்டும்?" பதில் தெரியாமல் முழித்தால் மெக்கானிக் அண்ணனே முடிவு செய்துவிடுவார். "0டபிள்யூ-20 எல்லாம் தண்ணி மாதிரி. நம்ம ஊரு சூட்டுக்குத் திக்கா ஊத்திடுவோம்." அக்கறையாகத்தான் சொல்கிறார். ஆனால் உங்களுடையது புதிய கார் என்றால், அந்த அறிவுரை பெரும்பாலும் பொருந்தாது.

அந்த எண்கள் எதைச் சொல்கின்றன?

'டபிள்யூ' என்பது எடையைக் குறிக்கும் எழுத்து இல்லை. அது 'விண்டர்', அதாவது குளிர்காலம். எஸ்ஏஈ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் தரவரிசைப்படி 0டபிள்யூ எண்ணெயை மைனஸ் 35 டிகிரியிலும், 5டபிள்யூவை மைனஸ் 30-லும், 10டபிள்யூவை மைனஸ் 25-லும் சோதிக்கிறார்கள்.

ஜார்ஜ் டவுனில் விடியற்காலையில்கூட 23 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். அப்புறம் நமக்கு எதற்கு 0டபிள்யூ? 90 டிகிரிக்கு மேல் ஓடவேண்டிய எஞ்சினுக்கு 25 டிகிரியும் குளிர்தான். காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது 20டபிள்யூ-50 எண்ணெய், 0டபிள்யூ-20 எண்ணெயைவிட மூன்று, நான்கு மடங்கு திக்காக இருக்கும். அது மெதுவாக மேலே ஏறும் வரை இரும்போடு இரும்பு உரசும். தேய்மானம் அதிகம் நடப்பது அந்த நேரத்தில்தான்.

இரண்டாவது எண், 100 டிகிரியில் எண்ணெய் எவ்வளவு திக்காக இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. 20 என்றால் 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸ், 30 என்றால் 12.5 வரை, 40 என்றால் 16.3 வரை.

சரி, வெளியே 33 டிகிரி வெயில் இருக்கிறதே? எஞ்சினுக்கு அது பெரிய விஷயமே இல்லை. பினாங்கோ பனி கொட்டும் ஊரோ, எஞ்சின் குளிர்விக்கும் நீரை ஏறக்குறைய 90 டிகிரியில் வைத்திருப்பது தெர்மோஸ்டாட்டின் வேலை. பாலத்தில் ஜாம் ஆனால் எண்ணெய்ச் சூடு கொஞ்சம் கூடும். அதையும் கணக்கில் வைத்துத்தான் தயாரிப்பாளர் எண்ணைச் சொல்கிறார். 2017-ல் வந்த மைவிக்கு 0டபிள்யூ-20 என்று சொன்னது பெரோடுவா. நம்ம நாட்டிலேயே செய்து, நம்ம வெயிலிலேயே ஓடும் கார் அது.

திக்கான எண்ணெய் ஊற்றினால் எஞ்சின் உடனே வெடித்துவிடாது. பெட்ரோல் செலவு கூடும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் வால்வு அமைப்பு மந்தமாகலாம். வாரண்டி கேட்கும்போது வாக்குவாதமும் வரலாம்.

தாத்தாவின் பழைய சாகா, கஞ்சில் கதை வேறு. அந்த எஞ்சின்கள் 10டபிள்யூ-40, 15டபிள்யூ-40 காலத்தவை. தேய்ந்துபோய் எண்ணெய் குடிக்கும் எஞ்சினுக்குக் கையேட்டு அட்டவணை அனுமதிக்கும் அளவில் ஒரு படி திக்காகப் போகலாம்.

எண்ணை மட்டும் பார்த்தால் போதுமா?

போதாது. போத்தலில் ஏபிஐ வட்ட முத்திரை இருக்கும். அதில் 'எஸ்பி' என்றால் 2020-ல் அறிமுகமான தரம். 2025-ல் 'எஸ்கியூ' வந்தது. அத்திவா, எக்ஸ்50 மாதிரி டர்போ கார்களில் எரிபொருள் நேரங்கெட்டுப் பற்றி பிஸ்டனையே உடைக்கும் ஒரு கோளாறு உண்டு. அதைத் தடுக்கும் சோதனை 'எஸ்பி' தரத்தில் இருக்கிறது. பழைய 'எஸ்எல்', 'எஸ்எம்' எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறதே என்று இவற்றில் ஊற்றாதீர்கள்.

'நான் அதிகம் ஓட்டுறதே இல்லையே, எதுக்கு மாத்தணும்?' என்பவர்களுக்கு: வீட்டிலிருந்து லிட்டில் இந்தியா வரை போய் வரும் குட்டிப் பயணங்களில் எண்ணெய் முழுசாகச் சூடாவதில்லை. உள்ளே சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கிவிடும். அதனால்தான் கையேட்டில் கிலோமீட்டரோடு மாதக் கணக்கும் இருக்கிறது. எது முதலில் வருகிறதோ, அப்போது மாற்றவேண்டும்.

மிச்சமான கார் எண்ணெயைக் கப்சாய் மோட்டாரில் ஊற்றும் பழக்கமும் நம்மிடம் உண்டு. வேண்டாம். மோட்டாரின் கிளட்ச் அதே எண்ணெயில்தான் நனைகிறது. கார் எண்ணெயின் வழுக்கும் சேர்க்கை அதை நழுவ விட்டுவிடும். மோட்டாருக்கு 'ஜாசோ எம்ஏ' என்று போட்ட போத்தலை வாங்குங்கள்.

அடுத்த சர்வீசுக்குப் போகுமுன் டேஷ்போர்டு டிராயரில் இருக்கும் கையேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "அண்ணே, இதுதான் வேணும். போத்தல் சீலை என் முன்னாடியே உடைங்க" என்று கேட்பதில் தப்பே இல்லை.