காலை விறைப்பும் துண்டுக் கூலியும்: சிவகாசி வட்டாரத்தில் முடக்குவாதத்தை அளப்பது எப்படி?

சிவகாசி வட்டாரப் பட்டாசு ஆலைகளில் காகிதக் குழாய் உருட்டுவது, திரி வைப்பது, பெட்டியில் அடுக்கி லேபிள் ஒட்டுவது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் துண்டுக் கூலிக்குச் செய்யும் வேலைகள். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை விதிக்கும்வரை, சரம் பின்னுவதும் அப்படியே. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் திரியைக் கிள்ளிப் பிடிக்க, மணிக்கட்டு திரும்பிக்கொண்டே இருக்கும். மூட்டுகளைத் தாக்கும் நோயான முடக்குவாதம் முதலில் வந்து உட்காருவது பெரும்பாலும் அந்த இடங்களில்தான்: விரல்களின் அடிமூட்டு, நடுமூட்டு, மணிக்கட்டு, அதுவும் இரண்டு கையிலும் ஒருசேர. ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்நோய் இரண்டு, மூன்று மடங்கு அதிகம்.

பட்டாசு மருந்துதான் இதற்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம் அன்று. நோய் எதனால் வந்திருந்தாலும், அது பறிக்கும் கைத்திறனை எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பதே கேள்வி.

உலகெங்கும் புழங்கும் அளவுகோல், ஸ்டான்போர்டில் ஜேம்ஸ் ஃப்ரைஸ் குழுவினர் 1980இல் வெளியிட்ட வினாப்பட்டியல். அதை நம் வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றி, ஏ. குமார், ஏ. என். மாளவியா உள்ளிட்டோர் 2002இல் 12 கேள்விகள் கொண்ட இந்திய வடிவத்தைத் தந்தார்கள். சேலையோ வேட்டியோ தானே கட்ட முடிகிறதா, கழிப்பறையில் குத்தவைக்க முடிகிறதா, குழாயைத் திறக்க முடிகிறதா, ஆட்டோவில் ஏறி இறங்க முடிகிறதா, மூன்று கிலோமீட்டர் நடக்க முடிகிறதா என்று அது கேட்கிறது. சிரமமே இல்லையென்றால் 0, முடியவே முடியாதென்றால் 3. நாற்காலியையும் கத்தி முள்கரண்டியையும் அடிப்படையாகக் கொண்ட கேள்விகளிலிருந்து இது பெரிய முன்னேற்றம். ஆனாலும் சம்பாதிக்கும் கையைப் பற்றி அதில் ஒரு கேள்விகூட இல்லை. குழாயைக் 'கொஞ்சம் சிரமப்பட்டு' திறக்கிற பெண்ணுக்கு அதில் மதிப்பெண் 1தான். அதே கை திரியைக் கிள்ளத் தடுமாறினால் அவர் கூலியில் எவ்வளவு குறையும்? பட்டியல் அதைச் சொல்லாது.

நேரமும் ஏமாற்றுகிறது. நோய் தீவிரமாக இருக்கும்போது காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களுக்கு ஆலை வேன் வருவதோ காலையில். அதற்குள் சோறாக்கி, பிள்ளைகளைக் கிளப்பி, தூக்குவாளியை மூடியாக வேண்டும். நோயுள்ள பெண் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் புறநோயாளிப் பிரிவில் வரிசை நகர்ந்து மருத்துவர் முன் உட்காரும்போது மணி பதினொன்று. கையை மடக்கச் சொல்கிறார் மருத்துவர், மடங்குகிறது. காலை ஏழு மணிக்கு மடங்காத கை மருத்துவரின் சீட்டில் பதிவாவதே இல்லை.

பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்தும் அறையில் இந்தக் கைத்தளர்ச்சி உயிர்ப் பிரச்சினை. அங்கே உராய்வும் அதிர்ச்சியும் தீயை எழுப்பக்கூடியவை. பிடி தளர்ந்த கை பாத்திரத்தை நழுவவிடலாம். இதைக் காட்டி நோயாளியை வேலையிலிருந்து நிறுத்தினால், மற்றவர்கள் வலி மாத்திரையை விழுங்கி நோயை மறைப்பார்கள், ஆபத்து கூடும். கூலி குறையாமல் வேறு வேலைக்கு மாற்றுவதே சரி. தொழிலாளர் காப்பீட்டுக்கான தொழில்நோய்ப் பட்டியலில் முடக்குவாதம் இல்லை. உடல் ஊனச் சான்றோ நீண்டகாலக் குறைபாட்டைப் பார்த்துத் தரப்படுவது. காலையில் முடங்கி மதியம் தளரும் கை அதில் சிக்காது.

முதல் சில மாதங்களில் சிகிச்சை தொடங்கினால் மூட்டு அரிமானத்தைப் பெருமளவு தடுக்கலாம். வாரத்துக்கு ஒரே நாள் எடுக்கும் மெதோட்ரெக்சேட் விலை குறைந்த மாத்திரைதான். ரத்தப் பரிசோதனையும் கல்லீரல் கண்காணிப்பும் கூடவே வேண்டும். சிவகாசியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது, விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. இந்திய வினாப்பட்டியலோடு மூன்று கேள்விகளை இவை சேர்த்துக்கொள்ளலாம்: எழுந்து எவ்வளவு நேரம் கழித்துக் கை தளர்கிறது, போன மாதத்தைவிடச் செய்த உருப்படிகளின் எண்ணிக்கை குறைந்ததா, எத்தனை நாள் கூலி போனது. கைப்பிடி வலுவை அளக்க விலை உயர்ந்த கருவியும் தேவையில்லை. ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைச் சுருட்டி, 20 மி.மீ. பாதரச அழுத்தம்வரை காற்றடைத்து, இறுக்கிப் பிடிக்கச் சொன்னால் போதும். ஆலைவாசலில் வேன் வந்து நிற்கும் நேரத்தில் இந்த அளவை எடுத்து, மூன்று மாதம் கழித்து அதே நேரத்தில் மறுபடியும் எடுத்தால், மருந்து கேட்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.