மனச்சோர்வில் சிந்தனைப் போக்குகள்

ஒருவர் தம்மையும் உலகையும் வருங்காலத்தையும் பற்றி எண்ணும் விதம், மனச்சோர்வு நோய் உண்டாகவும் நீடிக்கவும் ஒரு காரணமாகலாம் என்பது உளவியலில் செல்வாக்குள்ள கொள்கை. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் (1921–2021) இதை 1960-களில் வகுத்தார்.

கொள்கை

உள்ளே திரும்பிய கோபமே மனச்சோர்வு என்ற ஃபிராய்டு மரபுக் கருத்தைச் சோதிக்க, பெக் நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார். அவற்றில் கோபத்தைவிட மிகுந்திருந்தவை இழப்பும் தோல்வியும். விழித்திருக்கும்போதும் ‘நான் எதற்கும் லாயக்கில்லை’, ‘எனக்கென்று யாருமில்லை’, ‘இனி விடிவே கிடையாது’ என்ற எண்ணங்கள் அவர்களுக்குத் தாமாக எழுந்தன. துயரத்தையே ஓயாமல் அசைபோடுவது சோர்வை நீட்டிக்கும் என்பதை சூசன் நோலன்-ஹோக்சிமா 1991 முதல் விளக்கினார்.

வட்டாரச் சூழல்

இக்கொள்கையை ஒரு வட்டார வாழ்வில் பொருத்திப் பார்க்கலாம். விருதுநகர் மாவட்டத்தில், அர்ஜுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் மாரியம்மன் கோயில் கொண்ட ஊர் இருக்கன்குடி. இதைச் சுற்றியுள்ள சாத்தூர், சிவகாசி வட்டாரம் பட்டாசையும் தீப்பெட்டியையும் நம்பி வாழ்கிறது. மழை பிடித்தால் வெயிலில் காயவைக்க வழியின்றி வேலை நின்றுவிடும். பட்டாசு குறித்த உச்ச நீதிமன்றத்தின் 2018 அக்டோபர் 23 தீர்ப்பையடுத்து ஆலைகள் மூடிக் கிடந்தபோது கூலி இல்லாமல் போனது. வேலை இழந்தவர் ‘குடும்பத்தைக் காப்பாற்றத் துப்பில்லாதவன் நான்’ என்று முடிவு கட்டினால், ஊருக்கே வந்த நெருக்கடி அவர் ஒருவரின் குறையாகிவிடுகிறது.

வெடிவிபத்தில் மகளைப் பறிகொடுத்த ஒரு தாயை எண்ணிப் பார்க்கலாம். ‘நான்தானே வேலைக்குப் போகச் சொன்னேன்’ என்று அவர் மனம் அரற்றும். வெடிமருந்தில் ஏற்பட்ட உராய்வு, அறையில் அளவுக்கு மீறிய ஆட்கள், மீறப்பட்ட விதிகள் அனைத்தும் மறைந்து, பழி முழுவதும் அவர் தலையில் விழுகிறது. துக்கம் இயல்பானது, தம்மீதான இந்தத் தீர்ப்புதான் அதை நோயாக்க வல்லது.

வரம்பும் சிகிச்சையும்

சிந்தனை மட்டுமே காரணமன்று. பரம்பரை, உடல்நோய், கடன், வறுமை ஆகியவற்றுக்கும் பங்குண்டு. எனவே ‘மனசைத் தேத்திக்கோ’ என்ற அறிவுரை நோயாளியை மேலும் குற்றவாளியாக்கும். பெக் உருவாக்கிய அறிதல் சிகிச்சையில், எண்ணத்துக்கு ஆதாரம் உண்டா என்று சிகிச்சையாளரும் நோயாளியும் சேர்ந்து ஆராய்வார்கள். தேவைப்பட்டால் மாத்திரையும் தரப்படும். கோவாவில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களே ஆறு முதல் எட்டு அமர்வுகளில், அன்றாடச் செயல்களுக்குத் திரும்ப உதவியே மனச்சோர்வைக் குறைத்தார்கள். ஆலைத் தெருக்களுக்கும் ஏற்ற வழி இது. அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.