பந்தை எதிரியிடமே கொடு!

1950, நவம்பர் 25. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் தலைநகரம் கொலம்பஸ். ஊரையே மூடிவிடும் பனிப்புயல். ஸ்டேடியத்தில் வெள்ளைக்கோடு எங்கே என்று ஆட்டக்காரர்களுக்கே தெரியவில்லை. ஆட்டத்தை ரத்து செய்திருக்கலாமே? ஊஹூம்! ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மோதுவது ஒஹையோ ஸ்டேட்டும் மிச்சிகனும் ஆயிற்றே! பக்கத்துப் பக்கத்து மாநிலங்களின் பல்கலைக்கழக அணிகள். பரம வைரிகள்.

அமெரிக்கன் ஃபுட்பாலுக்குப் பெயரில்தான் கால். பெரும்பாலும் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும் எறிவதும்தான். ஓர் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் பத்து கஜம் முன்னேறினால் மறுபடியும் நான்கு. முடியாவிட்டால், பந்து நின்ற இடத்திலேயே எதிரணிக்குப் போய்விடும். அந்த இடம் உங்கள் வாசற்படியாக இருந்தால்? போச்சு! அதனால் கடைசி வாய்ப்பில் பந்தை ஓங்கி உதைத்துத் தொலைதூரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இதற்குப் பெயர் 'பன்ட்'.

பந்தை எதிரிக்கே தானம் செய்வது தோல்வியை ஒப்புக்கொள்வது மாதிரி இல்லையா?

'இல்லவே இல்லை' என்ற கட்சியைச் சேர்ந்தவர் டென்னஸி அணியின் கோச் ராபர்ட் நேலண்ட். ராணுவத்தில் இன்ஜினீயராக இருந்தவர். அவருடைய கணக்கு சுலபமானது. நம் வாசலில் பந்து நம் கையிலேயே இருந்தாலும் ஆபத்துதான். நழுவவிட்டால் எதிரிக்குப் புள்ளி. அதைவிட, அவனுடைய வாசலுக்கு அனுப்பிவிடு. நழுவவிடும் பயம் அவனுக்கு இருக்கட்டும்! நான்காவது வாய்ப்பு வரை காத்திருக்காமல் முன்கூட்டியே உதைப்பதும் அந்தக் காலத்து வழக்கம். எதிரணி எதிர்பார்த்திருக்காது. பந்தைப் பிடிக்க ஆளைப் பின்னால் நிறுத்தியிருக்காது. பந்து பாட்டுக்கு உருண்டு போகும்.

இது சும்மா பேச்சில்லை. 1939-ம் வருட சீசனின் பத்து ஆட்டங்களில் டென்னஸி ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு நடந்த ரோஸ் பௌல் போட்டியில்தான் தோற்றது. (இதே நேலண்ட், இரண்டாம் உலகப்போரில் நம் கல்கத்தாவில் அமெரிக்க ராணுவத்தின் சப்ளை தளத்துக்குத் தலைமை வகித்தார் என்பது கொசுறுத் தகவல்!)

கொலம்பஸில் அன்று இரண்டு அணிகளுமே இந்த வித்தையைத்தான் கையில் எடுத்தன. விரல்கள் விறைத்த அந்தக் குளிரில் பந்தை யார் பிடித்து ஓடுவது? முதல் வாய்ப்பிலேயேகூட உதைத்தார்கள். மிச்சிகனின் சக் ஆர்ட்மன் 24 தடவை, ஒஹையோவின் விக் ஜேனோவிச் 21 தடவை. மொத்தம் 45 பன்ட்!

பனிக்கு நடுவே கம்பங்களுக்கு இடையில் பந்தை உதைத்து ஒஹையோவுக்கு மூன்று புள்ளிகள் வாங்கித் தந்தார் ஜேனோவிச். பிறகு அவருடைய ஒரு பன்ட்டை மிச்சிகன் மறித்தது. பந்து எல்லைக்கு வெளியே போனதில் மிச்சிகனுக்கு இரண்டு புள்ளிகள். 3-2.

முதல் பாதி முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. பந்து ஒஹையோவிடம், அதன் வாசலுக்குப் பக்கத்தில். மூன்றாவது வாய்ப்பு. பந்தைக் கட்டிக்கொண்டு தரையில் விழுந்து நேரத்தைக் கடத்துவதா? உதைப்பதா? கோச் வெஸ் ஃபெஸ்லரின் அணி உதைக்க முடிவு செய்தது. பாய்ந்து வந்த டோனி மோம்ஸன் அந்த உதையை மறித்து, உருண்ட பந்தின் மேல் எல்லைக்குள் விழுந்தார். டச் டவுன்! தமாஷ் என்னவென்றால், மோம்ஸன் ஒஹையோ மாநிலத்துக்காரர். அவருடைய தம்பி அன்று எதிரணியில் ஆடிக்கொண்டிருந்தார்!

முடிவு 9-3. இரண்டாவது பாதியில் யாருக்கும் புள்ளி கிடையாது. ஜெயித்த மிச்சிகன் ஆட்டம் முழுக்க ஒரு தடவைகூடப் பத்து கஜத்தை எட்டவில்லை. எறிந்த ஒரு பந்தைக்கூட அதன் ஆட்கள் பிடிக்கவில்லை. அதன் புள்ளிகள் அத்தனையும் எதிரியின் உதையிலிருந்து வந்தவை. அந்த வெற்றியோடு 'பிக் டென்' சாம்பியன் ஆகி, 1951 ஜனவரி 1-ல் ரோஸ் பௌலிலும் கலிஃபோர்னியாவை 14-6 என்று ஜெயித்துவிட்டது.

ஃபெஸ்லரின் மூன்றாவது வாய்ப்பை ஒஹையோக்காரர்கள் மன்னிக்கவில்லை. சில வாரங்களுக்குள் அவர் ராஜினாமா செய்தார். நான்கு வருடங்களில் மிச்சிகனை ஒரு தடவைகூட ஜெயிக்காத பழியும் சேர்ந்துகொண்டது. அவர் இடத்துக்கு வந்தவர்தான் வுடி ஹேய்ஸ். 28 சீசன்கள் அசைக்கமுடியாமல் உட்கார்ந்திருந்தார்!

ஃபெஸ்லர் புதுமையாக ஒன்றும் செய்யவில்லை, பாவம். அன்று நாள் முழுக்க இரண்டு அணிகளும் செய்த அதே காரியம்தான். ஆனால் பந்தை எதிரிக்குக் கொடுக்கும் வித்தையில் ஒரு நிபந்தனை உண்டு... அவனுடைய வாசலில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நம் வாசலில் அல்ல!