சர்க்கஸ் வளையத் தரை

சர்க்கஸ் கூடாரத்தின் நடுவில் விலங்குகளும் கலைஞர்களும் வித்தை காட்டும் வட்டக் களத்தின் மேற்பரப்பு. இது குதிரைக்கென்று உருவான தரை. பிற்பாடு வந்த யானை, புலி, நாய் எல்லாம் அதிலேயே நிற்க நேர்ந்தது.

1768-இல் லண்டனின் லாம்பெத் பகுதியில் பிலிப் ஆஸ்ட்லி என்ற முன்னாள் குதிரைப்படை வீரர் குதிரையை வட்டமாக ஓடவிட்டு, அதன் முதுகில் நின்று காட்டினார். வட்டத்தில் ஓடும்போது குதிரையும் ஆளும் உட்புறம் சாய்வதால் நிற்பது எளிதாகிறது. வளையத்தின் விட்டம் நாளடைவில் 42 அடி, அதாவது ஏறக்குறைய 13 மீட்டர், என நிலைபெற்றது. அளவு எங்கும் ஒன்றே என்பதால், ஓர் ஊரில் பழகிய குதிரை வேற்றூரிலும் தடுமாறாது.

அந்தச் சாய்வின் பளு முழுவதும் தரையில்தான் இறங்குகிறது. மையத்திலிருந்து 6 மீட்டர் தள்ளி, நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடும் குதிரை சுமார் 23 பாகை சாயவேண்டும். அதன் எடையில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேலான விசை குளம்புகளைப் பக்கவாட்டில் தள்ளும். மண் பிடி கொடுக்காவிட்டால் குதிரை சறுக்கி விழும். மண் மிக ஆழமாகப் புதைந்தாலோ கால் தசைநாண் சுளுக்கும். இதனால் அடியில் களி கலந்த மண்ணை இறுகத் தட்டி, மேலே மரத்தூள் பரப்புவது பழைய முறை. விளிம்புச் சுவரை ஒட்டி மண்ணைச் சரிவாக ஏற்றிவைத்தால், சாய்ந்து வரும் குளம்பு தரையில் முழுதாகப் பதியும். காய்ந்தால் தூசி குதிரையின் நுரையீரலுக்குப் போகும், நனைந்தால் வழுக்கும். ஆகவே தண்ணீர் தெளிப்பதில் கைப்பக்குவம் வேண்டும்.

எந்த மரத்தின் தூள் என்பதும் முக்கியம். வட அமெரிக்கக் கறுப்பு வால்நட் மரத்தின் புதுச் சுருள்களில் நின்ற குதிரைக்கு ஒரே நாளுக்குள் குளம்பின் உள்திசு அழன்று, நடக்க முடியாமல் போகலாம்.

சிமென்ட் அரங்குகளில் ரப்பர் பாய் விரிக்கிறார்கள். கழுவ எளிது; ஆனால் ஈரத்தில் வழுக்கும், இணைப்பு மேலெழுந்தால் கால் தட்டும். 1971-இல் திறந்த மாஸ்கோ பெரிய சர்க்கஸில் குதிரைக்கும் தண்ணீருக்கும் பனிக்கட்டிக்கும் தனித்தனி வளையங்கள் உண்டு. வேண்டியதை மாற்றிப் பொருத்துவார்கள்.

யானையின் நிலை வேறு. அதன் உள்ளங்காலில் கொழுப்பு மெத்தை இருந்தும், நாள் முழுதும் சிமென்ட்டில் கட்டிவைத்தால் நகம் வெடிக்கும், சீழ் பிடிக்கும், மூட்டு தேயும். வளையத்தில் அது இருப்பது சில நிமிடங்கள்தான். மற்ற நேரமெல்லாம் சங்கிலியோடு கல்தரையில் நிற்கும் யானைக்கு, வளையத்தை மட்டும் மெத்தென்று ஆக்கிப் பயனில்லை. தரைப் பாதுகாப்பு என்றால் கட்டுத்தறியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இந்தியாவில் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தைக்குப் பழக்கக் கூடாதென்ற 1998-ஆம் ஆண்டு அறிவிக்கையை உச்ச நீதிமன்றம் 2001-இல் உறுதிசெய்தது. இங்கிலாந்தில் காட்டு விலங்குகளுக்கான தடை 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அது குதிரைக்கும் நாய்க்கும் பொருந்தாது. அங்கே வளையத் தரை மறுபடி குதிரையின் தரையாகியிருக்கிறது.