புதுச்சேரி 1962: ஒரு கையொப்பமும் ஒரு குடியரசுத் தலைவர் தேர்தலும்

பிரான்சு நாட்டின் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்போரில் தமிழரும் உளர். 2022 ஏப்ரல் 10, 24 ஆகிய நாள்களில் நடந்த தேர்தலின்போது புதுச்சேரி, காரைக்கால், சென்னை ஆகிய இடங்களில் வாக்குச்சாவடிகள் அமைந்தன. பதிவுபெற்ற வாக்காளர் ஏறத்தாழ நான்கரை ஆயிரம் பேர். இவ்வுரிமையைக் காலனிய ஆட்சியின் எச்சம் என்றே பலரும் கருதுகின்றனர். நாள்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் அவ்விளக்கம் போதாது என்பது புலனாகும்.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்தனர். 8 பேர் எதிர்த்தனர். நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. சந்திரநாகூரில் 1949இல் பொதுவாக்கெடுப்பு நடந்ததைப் போல இங்கு நடக்கவில்லை. 1956 மே 28 அன்று கையொப்பமான உடன்படிக்கை, அல்ஜீரியப் போர் முடிந்த பின்னரே பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற்று, 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது.

அவ்வுடன்படிக்கை ஒவ்வொருவரையும் தனித்தனியே ஒரு முடிவுக்கு அழைத்தது. புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் பகுதிகளில் பிறந்து அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆவர். விரும்பாதோர் ஆறு மாதங்களுக்குள் எழுத்து வழியே அறிவித்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைக்கலாம். அங்குப் பிறந்து, இந்தியாவின் பிற பகுதிகளில் குடியேறியிருந்தோர்க்கும் இவ்விதியே. வாளாவிருந்தோர் இந்தியர் ஆயினர். பதினெட்டு வயது நிரம்பாத, மணமாகாத பிள்ளைகளின் குடியுரிமையைத் தந்தையின் கையொப்பமே முடிவு செய்தது. கீழூரில் மக்களுக்கு வாய்க்காத நேரடி வாக்கு, இவ்வாறு வேறொரு வடிவில் வந்து சேர்ந்தது.

அந்த ஆறு மாதங்களுக்குள் பாரிசில் அரசியலமைப்பே மாறியது. மூன்றாம், நான்காம் குடியரசுகளில் நாடாளுமன்றமே குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தது. 1958இல் தெ கோலைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஏறத்தாழ 80,000 பேர் கொண்ட தேர்வாளர் குழுவினர். 1962 ஆகஸ்ட் 22 அன்று தெ கோல் கொலை முயற்சியிலிருந்து தப்பினார். மறுமாதமே நேரடித் தேர்தல் முறையை முன்மொழிந்தார். அக்டோபர் 28 அன்று பொதுவாக்கெடுப்பு அதனை ஏற்றது. எனவே ஆகஸ்ட் இறுதியில் கையொப்பமிட்ட ஒருவர், குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தம்மைத் தேடிவரும் என எண்ணியிருக்க வழியில்லை. ஓய்வூதியம், படைப்பணி, பிள்ளைகளின் கல்வி ஆகியவையே அவர் கண்முன் நின்றிருக்கக் கூடியவை. ஊர்மக்கள் ‘சொல்தா’ எனச் சுட்டும் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் பல இவ்வழியே பிரெஞ்சுக் குடிகளாக நீடித்தன.

உரிமை கிடைத்ததும் அது கைக்கெட்டியதாகிவிடவில்லை. 1965 டிசம்பரில் தெ கோலும் மித்தெரானும் மோதிய முதல் நேரடித் தேர்தலில், வெளிநாட்டில் வாழ்வோர் தூதரகங்களில் வாக்களிக்க வழியில்லை. 1976 ஜனவரி 31ஆம் நாளின் சட்டமே அதற்கு இடமளித்தது. 1981 தேர்தலில்தான் அது முதன்முறையாகச் செயலுக்கு வந்தது.

ஆகவே இவ்வாக்குரிமை காலனி ஆட்சி விட்டுச்சென்ற பழம்பொருள் ஆகாது. ஆட்சி அகன்ற பின் பிறந்த உரிமை இது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்காததால் இதற்கொரு விலையும் உண்டு: பிறந்த தெருவுக்கான நகராட்சித் தேர்தலில் இவர்களுக்கு வாக்கில்லை. குருதிவழிக் குடியுரிமை என்பதால் இந்நிலை இடம்பெயர்ந்தாலும் தொடர்கிறது. புதுச்சேரிக் குடும்பமொன்று பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் குடிபெயர்ந்தாலும், பெற்றோரில் ஒருவர் பிரெஞ்சுக் குடிமகனாயின், அங்குப் பிறக்கும் குழந்தையும் அக்குடியுரிமைக்கு உரியதே. பாட்டனார் கையொப்பமிடாத அடுத்த வீட்டுக் குழந்தை, வளர்ந்ததும் இந்திய வாக்காளர். ஒரே ஊரில் வேர்கொண்ட அவ்விருவரின் அரசியல் வாழ்வைப் பிரித்தது மொழியோ சமயமோ அன்று. 1963 பிப்ரவரியில் முடிந்துபோன ஒரு கெடுநாள்.